கடைசிப் படகு, ஒரு ஜோடி

நகை போட்டுக்கொள்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நகையே வேண்டாம் என்று வெறுங்கழுத்தோடு திரிகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று சமீப காலமாகப் பெருகி வருகிறது. மனசாட்சியை உள்ளே வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று யோசித்து, அதைக் கொக்கி மாட்டிக் காதில் தொங்கவிட்டுக்கொள்கிறவர்கள். வசதிக்காக இவர்களை அறநகையார் என்று வைத்துக்கொள்வோம்.

அறநகையாரை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தச் சிரமமே உங்களுக்கு வேண்டாம். அவரே உங்களைக் கண்டுபிடிப்பார். கல்யாண வரவேற்பிலோ, பல் மருத்துவரிடம் முறைக்குக் காத்திருக்கும்போதோ, லிஃப்டிலோ உங்கள் பக்கத்தில் வந்து நின்று, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, நீங்கள் கேட்பதற்காகக் காத்திருப்பார், கேட்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சாய்ப்பார், அப்போதும் கேட்காத கல்நெஞ்சக்காரராக நீங்கள் இருந்தால், கழுத்து சுளுக்கிக்கொள்வதற்குள் அவரே, "இதுவா? இது சும்மா ஒரு சின்னக் கம்மல்" என்று தொடங்கிவிடுவார். கம்மல் சின்னதுதான். கதைதான் பெரிது.

கதை முடிந்ததும் பார்வை உங்கள் கழுத்துக்கு வரும். "சங்கிலி நல்லா இருக்கு. இதுக்காக எங்கேயோ ஒரு மலையையே குடைஞ்சிருப்பாங்க, இல்ல?" என்பார். அன்பாகத்தான் சொல்வார். அன்றைக்கு முழுவதும் அந்தச் சங்கிலி கழுத்தில் கிடந்து உறுத்தும். ஆண்களிலும் இந்த இனம் உண்டு. பழைய மீன்வலை நூலில் திரித்த கயிறு ஒன்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, கைகுலுக்கிய பிறகும் கையைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் நீட்டியபடியே நிற்பார்கள். கேட்டுத்தான் விடுவிக்க வேண்டும்.

இந்த ஆராய்ச்சிக்காக நான் வெளியே எங்கும் அலையவில்லை. என் மனைவியின் அக்காவே அறநகையார். வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. எங்கள் ஊரிலிருந்து படகில் போகும் தீவில் இருக்கும் பெண்கள் கையால் செய்யும் நகைகளை வாங்கி, ஒரு மரக்கட்டையின் மேல் வைத்துப் படம்பிடித்து, ஃபோனிலேயே விற்கிறார். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பெயர் உண்டு. 'அலையின் மௌனம்.' 'உப்பின் ஞாபகம்.' பொருள் என்னவோ, எவனோ குடித்துவிட்டுக் கடலில் விட்டெறிந்த பாட்டில் உடைந்து, அலையில் உருண்டு தேய்ந்து, மழுங்கிப்போய்க் கரையொதுங்கிய கண்ணாடித் துண்டுதான். அதைப் பொறுக்கி, துளை போட்டு, செம்புக் கம்பியில் கட்டுகிறார்கள். அழகாகத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது. "குடிச்சவனுக்கும் ஒரு நன்றி போட்டுடலாமே" என்று என் சகலை, அதாவது அக்காவின் கணவர், ஒருமுறை வாய்விட்டார். அதோடு அவருக்கு அந்தத் தொழிலில் பேச்சுரிமை ரத்தாகிவிட்டது. பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதோடு சரி.

சமீபத்தில் அக்காவுக்கு ஒரு யோசனை உதித்தது. வாங்குகிறவர்களை வீட்டுக்கு அழைத்து, செய்கிறவரை நேரில் உட்காரவைத்துச் செய்துகாட்ட வேண்டும். தீவிலிருந்து ஒரு பெண் படகேறி வந்தார். சின்ன வயதுதான். செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்:

"அக்கா, சாயங்காலம் கடைசிப் படகுக்கு நான் போயிடணும். வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்காரு. பாப்பாவைப் பக்கத்து வீட்ல விட்டிருக்கேன். நான் இல்லைன்னா ராத்திரி தூங்கவே மாட்டா."

"தாராளமா போகலாம்மா. உங்க நேரத்தை மதிக்கிறதுதானே நம்ம கொள்கையே" என்றார் அக்கா.

கொள்கை வாசலோடு நின்றுவிட்டது. அந்தப் பெண் தன் பையிலிருந்து பாட்டரியில் ஓடும் சின்ன டிரில் மெஷினை எடுத்தார். அக்காவின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"ஐயோ, இது எதுக்கும்மா? கையால செய்றதைப் பார்க்கத்தான் எல்லாரும் வர்றாங்க."

"எப்பவும் இதுலதான்க்கா துளை போடுவேன். சீக்கிரம் முடிஞ்சிடும்."

"சீக்கிரம் முடிஞ்சா அதுல ஆன்மா எங்கம்மா இருக்கும்?"

ஆன்மாவைக் காப்பாற்றுவதற்காக மெஷின், அவருடைய ஃபோன் கிடந்த பையோடு சேர்ந்து, படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் போயிற்று. அதற்குப் பதிலாக, அழகுக்கு என்று பழைய சாமான் கடையில் வாங்கிச் சுவரில் மாட்டியிருந்த, கையால் சுற்றும் துளைக்கருவி ஒன்று இறங்கி வந்தது. அடுத்து அந்தப் பெண்ணின் கைக்கடிகாரம். பிளாஸ்டிக் பட்டை படத்தில் விழுந்தால் மானம் போய்விடும் என்று கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைக்கப்பட்டது. டிக் டிக் சத்தம் வீடியோவில் கேட்கும் என்பதால் சுவர்க் கடிகாரத்தையும் கழற்றச் சொல்லி சகலைக்கு உத்தரவு. ஆக, அந்த அறையில் நேரம் என்பதே மிச்சமில்லை. இனி மதிப்பதற்கு என்ன இருக்கிறது?

விருந்தாளிகள் வந்து சோபாவில் அமர்ந்தார்கள், ஓரத்தில் நானும் சகலையும். அந்தப் பெண் பாயில் அமர்ந்தார். கண்ணாடியைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் துளைக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் விரிசல் விடும். ஒரு கிண்ணத் தண்ணீரில் துண்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த அலங்காரக் கருவியை அவர் சுற்றினார், சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். ஒரு துண்டு உடைந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் உடைந்தது. அக்கா பக்கத்தில் நின்று, உழைக்கிறவர்களை அவசரப்படுத்தும் உலகத்தைக் கண்டித்து நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, மங்கிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அங்கே ஆணி மட்டும் இருந்தது.

"அக்கா, கடைசிப் படகு போயிடும்."

ஓர் அம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "என்ன ஒரு வரி, கேட்டீங்களா?" என்றார். பக்கத்திலிருந்தவர், "எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, பாருங்க" என்று சட்டைக் கையை மடித்துக் காட்டினார். ஃபோனில் வேகமாக எதையோ தட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், "இன்னொரு தடவை சொல்லுங்களேன், வீடியோ எடுத்துக்கறேன்" என்றார்.

"கடைசிப் படகு போயிடும்ங்க. பாப்பா காத்துட்டிருப்பா."

கைதட்டினார்கள்.

அந்தப் பெண் கருவியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "இந்த ஒண்ணை மட்டும் முடிச்சிடுங்கம்மா. பாதியில விட்டா அது உங்க கலைக்கே மரியாதை இல்ல" என்று அக்கா தோளைத் தொட்டு உட்காரவைத்தார். சகலை கார் சாவியோடு எழுந்தார். "நீங்க உட்காருங்க. நடுவுல எழுந்தா அவங்க கவனம் கலைஞ்சிடும்" என்றார் அக்கா. சகலை உட்கார்ந்தார். நான் எழவே இல்லை. கையில் தேநீர் இருந்தது.

கடைசியில் கம்மல் முடிந்தது. கடிகாரத்தையும் பையையும் தேடி எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணும் சகலையும் நானுமாகக் காரில் படகுத்துறைக்குப் பறந்தோம். கயிறு கட்டும் கம்பம் வெறுமையாக நின்றது. படகின் விளக்கு தண்ணீரில் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஃபோனை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குப் பேசினார்.

"அம்மா காலையில வந்துடறேன்டா. இல்லடா, இன்னைக்குப் படகு இல்ல. அழாத. அத்தைகிட்டப் படுத்துக்கோ."

எதிர்முனையில் அந்தக் குழந்தை அழுத அழுகை தள்ளி நின்ற எங்களுக்கே கேட்டது. சகலை கடல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

போன வாரம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். முடியை ஒதுக்கினார். தலையைச் சாய்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி கேட்டுவிட்டாள்.

"இதுவா? இதோட பேரு 'கடைசிப் படகு'. பயங்கர வரவேற்பு. இதைச் செஞ்ச பொண்ணு இருக்காங்களே, வேலையில அப்படியே மூழ்கிப் போய் படகையே விட்டுட்டாங்க. அப்புறம் ராத்திரி நம்ம வீட்லதான் தங்கினாங்க. அவ்வளவு பாசம்."

"திரும்ப எப்ப வர்றாங்க?" என்று கேட்டேன்.

"அதான் தெரியல தம்பி. ஃபோனை எடுக்கவே மாட்டேங்கறாங்க. இவ்வளவு பேர் கேட்டுட்டிருக்காங்க, செஞ்சு அனுப்ப ஆள் இல்ல. தீவுல இருக்கறவங்களுக்கு நேரத்தோட அருமையே தெரிய மாட்டேங்குது."

வாசகரே, இதுவரை நன்றாகச் சிரித்தீர்கள். நடுவில் "பாவம் அந்தப் பொண்ணு" என்று உச்சுக்கொட்டியும் இருப்பீர்கள். அக்காவைப் போல உங்களுக்கும் யாரையோ தெரியும். இதை அவருக்கு அனுப்பிவைக்கலாமா என்றுகூட யோசிக்கிறீர்கள். அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். மேலே தலைப்பைப் பார்த்ததும், 'அடடா, அழகாக இருக்கிறதே' என்று தோன்றித்தானே படிக்க உட்கார்ந்தீர்கள்? அக்காவிடம் சொல்லி உங்களுக்கும் ஒரு ஜோடி எடுத்து வைக்கச் சொல்கிறேன்.