மண்ணூரிலிருந்த மத்திய மந்திரி

இந்த நாட்டுக்கு எத்தனையோ கல்வி அமைச்சர்கள் வந்து போயிருக்கிறார்கள். அவர்களில் ஒரு மாணவனுக்காகப் பதவியை விட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் மண்ணூரில், எட்டுப் பேர் தங்கிய ஓர் அறையில், ஜன்னலோரப் பாயில் படுத்திருந்தார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. மந்திரி என்றுதான் கூப்பிடுவோம். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்ட் லோடிங் வேலை. கையில் எப்போதும் அட்டை கிழிந்த பொது அறிவுப் புத்தகம் ஒன்று இருக்கும். சுதந்திரம் வந்த நாளிலிருந்து கல்வித் துறையை யார் யார் வைத்திருந்தார்கள் என்று, ஏறிய தேதி, இறங்கிய தேதியோடு, கம்பெனி பஸ் வளைவில் திரும்பும்போதுகூடத் தடுமாறாமல் ஒப்பிப்பார். எம்.ஏ. வரலாறு படித்தவர் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். அவரும் மறுக்கவில்லை.

அறைக்குப் புதிதாக வருபவனிடம் ஊர், பெயர் எதுவும் கேட்கமாட்டார்.

"ஏலே, ஒண்ணாப்பு எந்த வருசம் சேந்த?"

"தொண்ணூத்தாறுண்ணா" என்றேன்.

தலையில் கைவைத்துக்கொண்டார். "அடப்பாவி! அந்த வருசம் தைக்கும் வைகாசிக்கும் நடுவுல நாலு கை மாறிச்சுலே. அதுல ரெண்டு பேரு பிரதமர் வேலையோட வேலையா இதையும் பாத்தாவ. நீ சிலேட்டு வாங்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. கணக்குல வீக்கா?"

"ஆமாண்ணா."

"ஒம் மேல தப்பில்ல."

அதுதான் அவருடைய தீர்ப்பு. அந்த அறையில் யார் எதில் விழுந்திருந்தாலும் அதற்கு டெல்லியில் ஒரு பொறுப்பாளியைக் கண்டுபிடித்துக் கொடுப்பார். பத்தாவதில் மூன்று முறை விழுந்த தேனிக்காரனுக்கு மூன்று தனித்தனிக் காரணங்கள் கிடைத்தன. மந்திரிகளில் ஒருவர் நீதிபதியாக இருந்தவர், ஒருவர் பின்னால் குடியரசுத் தலைவரானவர் என்றெல்லாம் உரக்கச் சொல்வார். நாட்டின் முதல் கல்வி மந்திரியிடம் வரும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். "அவரு பள்ளிக்கூடமே போனதில்ல, தெரியுமா? எல்லாம் வீட்டுலயே படிச்சது."

ஒருநாள் காலை ஷிப்டுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போய்விட்டோம். சூப்பர்வைசர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னாயா, மாமியார் வூட்டுக்கா வர்ற?"

"சார், நீங்க பத்தாப்பு எந்த வருசம்?" என்றார் மந்திரி.

"எண்பத்தஞ்சு. இப்ப இன்னாத்துக்கு அது?"

"அதான பாத்தேன்! அந்த வருசந்தான் கல்வி அமைச்சகத்துல கல்விங்கிற பேரையே எடுத்துட்டு மனித வளம்னு மாத்துனாவ. ஒங்க மேல தப்பே இல்ல சார்."

தன்னை எதற்காக மன்னிக்கிறார்கள் என்று சூப்பர்வைசருக்குக் கடைசிவரை புரியவில்லை. மந்திரிக்கு ஒரு வாரம் வெயிலில் இரும்புத் தட்டு அடுக்கும் வேலை.

சிரித்தது போதும். என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது காண்ட்ராக்டர் என் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டிக்கொண்டார். எல்லோருடையதும் அப்படித்தான். ஆள் ஓடிவிடக் கூடாதல்லவா? பகுதிநேர பி.இ. சேர்க்கைக்கு எனக்கு அழைப்பு வந்தது. காண்ட்ராக்டரிடம் அசலைக் கேட்டுப் போய் நின்றேன்.

"பட்ச்சு இன்னா பண்ணப் போற? அதே லைனுக்குத்தான் வரப் போற. போய் ஷிப்ட்டப் பாரு."

அந்த வருடம் போயிற்று. விஷயம் தெரிந்ததும் மந்திரி அட்டைப்பெட்டி மேல் தாளை வைத்து, டெல்லியிலிருந்த அமைச்சருக்கு மனு எழுத உட்கார்ந்தார். முதல் கல்வி மந்திரியில் ஆரம்பித்து ஒருவர் விடாமல் நலம் விசாரித்து, நான்காம் பக்கத்தின் அடியில் என்னிடம் வந்து சேர்ந்தார். அதற்குள் தாள் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் நெருக்கி என் குறையை எழுதி, காண்ட்ராக்டரின் முழு முகவரியைப் பின்கோடுடன் அழகாகப் போட்டார். என் முகவரியைப் போட இடமில்லை.

மனு எந்தெந்த மேசையில் உட்கார்ந்து எழுந்ததோ தெரியாது. அடுத்த வருட அழைப்பு என் கைக்கு வந்த வாரம், அந்த மனு தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது என்ற குறிப்போடு, அதிலிருந்த ஒரே உள்ளூர் முகவரிக்கு, அதாவது காண்ட்ராக்டரின் மேசைக்கே, ஒழுங்காக வந்து சேர்ந்தது.

இருவரையும் கூப்பிட்டார்.

"யார்ரா அது மந்திரி? நீயா? டெல்லிக்கு லெட்டர் போட்டுக்கினு கீறியா? அந்தாளுங்க கிட்ட சொல்லி என்னப் புடுங்கலாம்னு பாத்தியா?"

"பையனுக்குச் சர்ட்டிபிகேட்டு வேணும் சார்" என்றார் மந்திரி.

"தரேன். எழுதினது பொய்னு எழுதிக் குடு. அப்படியே நீ வேலைய வுட்டுக் கெளம்பு."

மந்திரி என்னைப் பார்த்தார். என் கண் பீரோவை விட்டு நகரவில்லை. அவர் பேனாவை எடுத்து இரண்டே வரி எழுதினார். எந்த மந்திரியையும் நலம் விசாரிக்காமல் அவர் எழுதிய ஒரே கடிதம் அது.

பீரோ திறந்தது. என் உறை கனமாக இருந்தது. அவருடையதைக் காண்ட்ராக்டர் கவிழ்த்துத் தட்டினார். ஒரே ஒரு தாள் விழுந்தது.

"எட்டாங்கிளாஸ் டீசி! இத வெச்சிக்கினுதான் டெல்லிக்குப் பாடம் எடுத்தியா?"

மந்திரி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்து, "பஸ்சுக்கு நேரமாச்சுலே, நீ ஷிப்டுக்குப் போ" என்றார். நான் போய்விட்டேன். அன்று மாலை ஜன்னலோரத்தில் பாய் இல்லை.

இப்போது நான் பி.இ. முடித்துவிட்டேன். அதே ஒரகடத்தில் இன்னொரு காண்ட்ராக்டர். அவர் பீரோவில் என் பட்டமும் சேர்ந்து படுத்திருக்கிறது. டெல்லியில் மந்திரி மாறியிருக்கிறார். ஏறிய தேதி, இறங்கிய தேதி சொல்ல ஆளில்லை.

அறையில் எல்லோரிடமும் வருடம் கேட்டவரிடம், நீங்கள் எந்த வருடம் படிப்பை விட்டீர்கள் என்று நாங்கள் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானாவது சொல்லியிருப்பேன்: உங்க மேல தப்பில்லண்ணா.