கடையை விட்டு இறங்காமல் பதினாலாயிரம் அடி

நெஞ்சுநல உபதேசி என்றொரு இனம் நம் ஊர்களில் பெருகி வருகிறது. இதை அடையாளம் காண்பது எளிது. இடது மணிக்கட்டில் கறுப்புப் பட்டை போட்ட கடிகாரம் இருக்கும். அது மணி பார்க்க அல்ல, மணி கேட்டால் அவர் எதிர்க்கடைச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்வார். அது அவருடைய காலடிகளை எண்ணுகிற கடிகாரம். கல்யாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டில் நீங்கள் இறைச்சித் துண்டைத் தொட்ட அந்த நொடியில், "கொழுப்பு, கவனம்!" என்று ஒரு குரல் கேட்கும். நீங்கள் கையை இழுத்துக்கொள்வீர்கள். அந்தத் துண்டு என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? உபதேசியின் வாயைப் பாருங்கள்.

அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கும் மர்சூக் முதலாளி இந்த இனத்தில் உயர்ந்த ரகம். வயது ஐம்பத்தாறு. திரைச்சீலைத் துணி வாங்க வந்தவர்கள் இரத்த ஓட்டத்தைப் பற்றியும் தெரிந்துகொண்டுதான் போவார்கள்.

"கல்பு ஒரு பம்பு மாதிரி," என்பார் இதயத்தைப் பற்றி, துணியைச் சரசரவென்று இழுத்து அளந்தபடியே. "அது நல்லா வேல செஞ்சா காலுக்கும் பலம், மூளைக்கும் தெளிவு. ரத்தம் மேல ஏறாட்டி புத்தி எப்பிடி ஓடும், செல்லுங்க?"

இதில் ஒரு சொல்லும் பிழையில்லை. இந்த இனத்தோடு நமக்குள்ள கஷ்டமே அதுதான்.

ஞாயிறு காலையில் அவர் கண்டிக் குளத்தைச் சுற்றி நடக்கப் போவார். கார் நிறுத்திய இடத்திலிருந்து முதல் வாங்குப் பலகை வரைக்கும் நடப்பார், அங்கே யாராவது அகப்படுவார்கள், நடையின் நன்மைகளைப் பற்றி முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுவார், பிறகு இரண்டு ரோல்ஸ் தின்று ஒரு பிளேன்டீயும் குடித்துத் திரும்புவார். அவருடைய வீடு வீதியிலிருந்து நூற்றிரண்டு படிகளுக்கு மேலே இருக்கிறது. மனைவி மஸாஹிரா சந்தைப் பையோடு தினமும் அந்தப் படிகளில் ஏறுகிறாள். முதலாளி பின்பக்க வளைவுப் பாதையால் த்ரீவீலில் போய் இறங்குகிறார். கடையின் மேல்மாடிக் களஞ்சியத்துக்கு ஏறினால் மட்டும் ஒரு சிறு சிக்கல் வரும். மேலே போய் நின்று மூச்சு வாங்குவார், எதற்கு வந்தோம் என்று யோசிப்பார், பிறகு கீழே எட்டிப் பார்ப்பார்.

"அழகமுத்து! நான் எதுக்கு மேல வந்த?"

இருபது வருடமாக அவரிடம் துணி வெட்டும் அழகமுத்து நிமிர்ந்து பார்க்காமலே சொல்வார்: "நீல சாட்டின் மொதலாளி. நேத்தும் அதுக்குத்தான் போனீங்க."

ஆனாலும் கடிகாரம் பொய் சொல்லுமா? மாலையில் பார்த்தால் பதினாலாயிரம் அடி. நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரத்தில் ஒருநாள் இருபத்தோராயிரம்! தன் உடம்பின் திறமையை எண்ணித் தானே உருகிப்போன முதலாளி, அன்று நோன்பு திறந்ததும் வட்டிலப்பத்தில் இரண்டு துண்டு கூடுதலாக எடுத்துக்கொண்டார்.

இந்த வருடம் அவர்களுக்கு ஹஜ்ஜுக்கு இடம் கிடைத்தது. மஸாஹிரா பதினொரு வருடமாகக் காத்திருந்தாள். முதலில் மாமியார் படுக்கையில் விழுந்தார், பிறகு மகளின் கல்யாணம் வந்தது, பிறகு கொரோனா உலகத்தையே மூடியது. ஒருமுறையும் அவள் முகம் சுளிக்கவில்லை. இப்போது ஒரேயொரு கடிதம் வேண்டியிருந்தது, இருவராலும் அவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று ஒரு டொக்டர் கையெழுத்து வைக்க வேண்டும். "அது எனக்கி ஒரு விஷயமே இல்ல," என்றார் முதலாளி. "ஒங்கள நெனச்சாத்தான் பயமா ஈக்கி மஸாஹிரா."

கண்டியில் டொக்டர் யசோதினியின் அறைக்குப் போனார்கள். புசல்லாவைப் பக்கத்துப் பெண், சிரித்த முகம், ஆனால் எளிதில் மசியாதவர். நெஞ்சைச் சோதிக்கும் ஓடும் பட்டை இயந்திரத்தில் முதலில் மஸாஹிரா ஏறினாள். ஒன்பது நிமிடம் நடந்தாள். இயந்திரம் நின்றதும், "முடிஞ்சா?" என்று கேட்டுக்கொண்டே அபாயாவைச் சரிசெய்தபடி இறங்கினாள்.

அடுத்து முதலாளி. முதல் நிமிடம் இதயத்தின் நான்கு அறைகளைப் பற்றி டொக்டருக்கே பாடம் எடுத்தார். இரண்டாம் நிமிடத்தில் இரண்டு அறைகளோடு நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நிமிடத்தில் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தார்.

"பேச முடியுதாங்க? பிள்ளைங்க எத்தன பேரு?" என்று கேட்டார் டொக்டர்.

முதலாளி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மனைவியைப் பார்த்தார்.

"மூணு," என்றாள் மஸாஹிரா.

டொக்டர் பட்டையை நிறுத்தினார். முதலாளியை உட்காரவைத்து வரைபடத்தை மேலும் கீழும் பார்த்தார். "பயப்பட ஒண்ணுமில்ல. பழக்கமே இல்லாத நெஞ்சு, அவ்வளவுதான். ஆனா இப்ப கையெழுத்து வைக்க மாட்டேங்க."

"டொக்டர், நான் ஒரு நாளைக்கி பதினாலாயிரம் அடி நடக்கிற மனிசன்!" மூச்சு வந்ததும் முதலாளி கையை நீட்டினார்.

டொக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன தொழில் செய்றீங்க?"

"துணிக்கடை."

"எனக்கு ஒரு பத்து மீற்றர் அளந்து காட்டுங்க."

இல்லாத துணியை முதலாளி உட்கார்ந்த இடத்திலேயே இழுத்து இழுத்து அளந்தார், பழக்க தோஷத்தில் கடைசியில் அரை முழம் கூடுதலாகவும் விட்டார். டொக்டர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்தி மூணு அடி நடந்துட்டீங்க. கதிரையிலயே."

மஸாஹிரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று நினைத்து முதலாளி தானும் சிரிக்கப் போனார். அவள் அழுதுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் அவருக்கு வெட்கம் வந்தது. ஊருக்கெல்லாம் இதயத்தைப் பற்றிச் சொன்ன மனிதன், பதினொரு வருடம் பொறுத்திருந்த ஒருத்தியின் பயணத்தைத் துணி அளந்து கெடுத்துவிட்டானே!

"ரெண்டு மாசம் இருக்கு. உண்மையா நடந்துட்டு வாங்க," என்றார் டொக்டர்.

அன்று த்ரீவீல் பின்பக்கப் பாதைக்குத் திரும்பப் பார்த்தபோது மஸாஹிரா படிக்கட்டடியில் நிறுத்தச் சொன்னாள். அவருடைய கடிகாரத்தைக் கழற்றித் தன் பைக்குள் போட்டாள். "இனி இது எண்ண வேணாம். நான் எண்ணுறன். ஏறுங்க."

முதல் நாள் முப்பத்தேழாவது படியில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுப் பூனை அவரைத் தாண்டி மூன்று முறை போய் வந்தது. "மிச்சம் அறுபத்தஞ்சு," என்றாள் அவள், அருகில் உட்கார்ந்தபடி. இரண்டு மாதத்தில் அவர் உட்காராமல் ஏறினார். களஞ்சியத்துக்கு ஏறினால் நீல சாட்டினோடு இறங்கினார், அழகமுத்துவுக்குத்தான் பேச்சுத்துணை குறைந்துபோயிற்று. மறுபடி டொக்டரிடம் போய்ப் பட்டையில் நடந்துகொண்டே மூன்று பிள்ளைகளின் பெயர்களையும் பிறந்த திகதிகளையும் ஒப்பித்தார். இரண்டாம் மகளின் திகதியை மட்டும் மஸாஹிரா திருத்தினாள். டொக்டர் கையெழுத்து வைத்தார்.

திருந்திவிட்டாரா? உபதேசி திருந்துவதாவது! இப்போது திரைச்சீலை வாங்க வருகிறவர்களுக்குக் கடிகாரத்தின் பித்தலாட்டத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் சொல்கிறார். கையை அசைக்காமல் கதை வருமா? அளந்தும் காட்டுகிறார்.

இதைப் படித்துச் சிரித்த நீங்கள் நல்லவர்தான். ஒன்று மட்டும் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தைப் புரட்டிய கை எது? கடிகாரம் கட்டிய கையா? அப்படியானால் வாழ்த்துகள், நீங்களும் இரண்டடி நடந்துவிட்டீர்கள்.