எட்வர்ட் போட்ட தஞ்சாவூர் பிளான்

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் உலைகள் நிறைய உண்டு. கரண்ட் போனால் அவைகூட ஆறிவிடும். எட்வர்டின் கோபம் ஆறாது. மனுஷன் ஒருத்தரோடு பேசுவதில்லை என்று முடிவு கட்டினால் கட்டியதுதான். ஊரே அண்ணாந்து பார்க்கும் கோபம் அது.

அந்தக் கோபங்களிலெல்லாம் பெரியது மச்சான் மோசஸ் மேல் இருந்தது. மோசஸ், எட்வர்டின் மனைவி விக்டோரியாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன். ஒரே உருக்காலையில் எட்வர்ட் கிரேன் ஓட்டினார், மோசஸ் கீழே நின்று சிக்னல் காட்டினார். சட்டை மாற்றிப் போட்டுக்கொள்கிற சினேகம். எல்லாம் மோசஸ் மகள் ஸ்நேகாவின் கல்யாணம் வரைக்கும்தான்.

சர்ச் வாசலில் குடும்பப் போட்டோ எடுத்தார்கள். "மச்சான், கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார் மோசஸ். எட்வர்ட் தள்ளி நின்றார். பிறகு ஆல்பம் வந்தது. குடும்பமே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் எட்வர்டின் முழங்கை மட்டும் இருந்தது.

அன்றைக்கே சபதம். "அவனா வந்து மொதல்ல பேசணும். நானா ஒரு வார்த்த பேசினா என் பேரு எட்வர்ட் இல்ல. இந்த ஊட்ல எவளும் அவன் பேரையே எடுக்கக் கூடாது!"

வீட்டில் இருந்த ஒரே 'எவள்' விக்டோரியாதான். சரி என்றாள்.

மோசஸும் லேசுப்பட்ட ஆளில்லை. "போட்டோக்காரன் பண்ணதுக்கு நான் போயி கையக் கட்டிக்கினு நிக்கணுமா?" என்று அவரும் முறுக்கிக்கொண்டு வேறு ஷிப்ட்டுக்கு மாறிக்கொண்டார். இரண்டு மலைகளுக்கு நடுவில் தங்கச்சி மாட்டிக்கொண்டாள். அண்ணனோடு பேச வேண்டுமென்றால் துணி காயப்போடுகிற சாக்கில் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவாள். ஒரு லுங்கி காய ஒரு மணி நேரம் ஏன் ஆகிறது என்று எட்வர்ட் கேட்டதே இல்லை. அண்ணன் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும், அவன் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும் என்று அவளுக்கு அடிவயிற்றில் ஓர் ஏக்கம். அதையும் எட்வர்ட் கேட்டதில்லை.

எட்வர்ட் ரிட்டயர் ஆன பிறகு ஒருநாள் காலை நாஷ்டா தட்டை நீட்டிக்கொண்டே விக்டோரியா ஆரம்பித்தாள்.

"யோவ், எவ்ளோ நாளுதான் செவுத்தப் பாத்துக்கினு குந்திக்கினு இருப்ப? சரித்திரம் கீற ஊரா ரெண்டு ஊரு பாத்துட்டு வரலாம்."

"எந்த ஊரு?"

"தில்லி, ஆக்ரா. பிளைட்ல."

குடித்த டீ எட்வர்டுக்கு மூக்கு வழியாகத் திரும்பி வந்தது.

"பிளைட்டா? மீஞ்சூரு தாண்டறதுக்கே ஒனக்கு வாந்தி வரும். நம்மூர்ல சரித்திரம் இல்லியா? மாமல்லபுரம், காஞ்சிபுரம். காலைல போனா சாயந்தரம் ஊட்டுக்கு வந்துடலாம்."

"காஞ்சிபுரமா! சூப்பருய்யா!" விக்டோரியா கையைத் தட்டினாள். "அந்த ஊருக்குப் போயி பட்டுப்பொடவ எடுக்காத பொம்பள எவ கீறா? எனக்கு ஒன்னு, கட்டிக் குடுத்த நம்ம பொண்ணு மோனிகாவுக்கு ஒன்னு."

காஞ்சிபுரத்தை எட்வர்ட் அந்த நிமிஷமே சரித்திரத்திலிருந்து நீக்கினார்.

"வாணாம். மதுர போலாம். வழியில தஞ்சாவூரு. பட்ஜெட்டுக்கு அதான் கரெக்ட்டு. தஞ்சாவூர்ல வாங்கறதுக்கு ஒன்னும் இல்ல. தலையாட்டி பொம்மதான் விப்பான்."

"அது எதுக்கு? ஊட்லயே ஒன்னு கீதே" என்றாள் விக்டோரியா.

எட்வர்டும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் ஷோகேஸைத் திரும்பிப் பார்த்தார். அதில் பொம்மை எதுவும் இல்லை.

"தஞ்சாவூர்ல ஏசி ரூமு போடலாம்யா" என்று அவள் அடுத்த குண்டை எடுத்தாள்.

"ஏசியா? ஃபர்னஸுக்கு மேல கேபின்ல வெந்தவன்டி நான்! ரூமே வாணாம். வண்டியில தூங்குறோம், ஸ்டேஷன்ல குளிக்கிறோம். சோறு நீயே கட்டிக்கோ."

"எனக்கு முட்டி வலி. ராத்திரிக்கு ஒரு எடம் வேணும்." கொஞ்சம் யோசிப்பதுபோல் நிறுத்தினாள். "அங்க தெரிஞ்சவங்க ஊடு ஒன்னு கீது. காசு வாங்க மாட்டாங்க."

"யாரு?"

"காசு வாங்க மாட்டாங்கன்னு சொன்னேனே."

எட்வர்டுக்கு அதற்கு மேல் கேள்வி எழவில்லை. காசு வாங்காதவரைப் பெயர் கேட்டுத் தொந்தரவு செய்வது மரியாதையா? "பெரிய மனசுக்காரங்க" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குத் தெருவில் பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். "தில்லின்னு ஆரம்பிச்சா சார். நைசா பேசி தஞ்சாவூர்ல கொண்டாந்து நிறுத்திட்டேன். பொம்பளைங்களுக்குப் பிளான் பண்ணத் தெரியாது."

எழும்பூரில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ஏறினார்கள். புளிச்சோறு தின்று, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கி, தஞ்சாவூரில் இறங்கிக் குளித்தார்கள். அந்தத் தெரிஞ்சவங்க ஊட்டுக்குப் போகலாமா என்றார் எட்வர்ட். மொதல்ல பெரிய கோயில், வெயிலுக்கு முன்ன பாத்துடலாம் என்றாள் விக்டோரியா. அதுவும் சரிதான் என்று தலையாட்டினார்.

முதல் வாசல் வந்தது. "பெருசாத்தான் கட்டிக்கீறான்" என்று எட்வர்ட் ஒப்புக்கொண்டார். "இதுதான?"

"இது வாசலு. உள்ள வா."

இரண்டாவது வாசல் வந்தது. இரண்டு பக்கமும் ஆளைவிடப் பெரிய கல் காவல்காரர்கள் நின்றார்கள். அவர்கள் முறைத்த முறைப்பில் எட்வர்டின் கோபம் எல்.கே.ஜி. பிள்ளையின் கோபம்போல் ஆகிவிட்டது. "இதுதான?" என்றார், குரல் இறங்கி.

"இதுவும் வாசலுதான்யா. நட."

அதையும் தாண்டினார்கள். அப்போது எட்வர்டின் கால் நின்றுவிட்டது.

காலை வெயில் அப்போதுதான் மேலே இருந்து இறங்கிக்கொண்டிருந்தது. தேன் நிறத்தில் ஒரு மலை நின்றது. மலையென்றால் ஏறிப் போவதற்கு ஒரு ஒற்றையடிப் பாதையாவது இருக்கும். இது நேராக வானத்துக்குப் போனது. தட்டு தட்டாக, கல்லின் மேல் கல்லாக, ஒன்றும் நழுவாமல், ஒன்றும் அவசரப்படாமல். எட்வர்ட் சின்ன வயதிலிருந்து சர்ச் கோபுரம் பார்த்தவர். மில்லின் புகைபோக்கி பார்த்தவர். அவர் பார்த்த உயரமெல்லாம் இதன் காலடியில் செருப்பு விடத்தான் லாயக்கு என்று தோன்றியது.

ஆயுசு முழுவதும் கனமான இரும்பைத் தூக்கிப் பழகிய கண் அது. முதலில் அடித்தளத்தைப் பார்த்தது. ஒரு விரிசல் இல்லை. பிறகு ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டு மேலே போனது. எங்கே கயிறு கட்டியிருப்பான்? கொக்கி எங்கே மாட்டியிருப்பான்? கிரேன் நிற்க எங்கே இடம்? கண் உச்சிக்குப் போனது. அங்கே குடம் கவிழ்த்ததுபோல் ஒரு பெரிய கல்.

"ஒரே கல்லுன்னு சொல்றாங்கய்யா" என்றாள் விக்டோரியா, பக்கத்திலிருந்து மெதுவாக.

எட்வர்ட் வாயைத் திறந்தார். மூட மறந்துவிட்டார். கழுத்து வலித்தது. தலையிலிருந்த துண்டு பின்னால் விழுந்தது. யாரோ அதை எடுத்து அவர் தோளில் போட்டார்கள். அவர் திரும்பவில்லை. கரண்ட் கிடையாது. மோட்டார் கிடையாது. அந்தக் கல்லை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறான், மனுஷன்! மேலே நின்றவனுக்குக் கை நடுங்கியிருக்காதா? கீழே நின்றவன் மூச்சு விட்டிருப்பானா?

கிரேன் வேலையில் ஒரு கட்டளை உண்டு. கீழே நிற்கிறவன் எடையைச் சொல்லாமல் மேலே இருக்கிறவன் லீவரைத் தொடக் கூடாது. தொட்டால் சங்கிலி அறுந்து உயிர் போகும். ஒவ்வொரு சுமைக்கும் கேபினிலிருந்து எட்வர்ட் கேட்டே ஆக வேண்டும். முதலில் கேட்க வேண்டியவர் மேலே இருப்பவர்தான். சண்டையானாலும் கேட்க வேண்டும், ஜுரமானாலும் கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டு அது நாக்கில் ஊறிப்போன வார்த்தை.

எட்வர்டின் வலது கை தானாக லீவரைத் தேடிக் காற்றில் எழுந்தது.

"எத்தன டன்னு மச்சான்?"

பக்கத்திலிருந்து உடனே பதில் வந்தது.

"எம்பதுன்னு சொல்றாங்க மச்சான். பாத்து, மெதுவா தூக்கு."

எட்வர்டின் கை அப்படியே நின்றது. கழுத்து மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. பக்கத்தில் மோசஸ். தலை முழுக்க நரைத்திருந்தது. அவரும் உச்சிக் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. அது கல்லுக்காகவா, கேட்ட கேள்விக்காகவா என்று சொல்ல முடியாது.

"ஏ விக்டோரியா! இவன் இன்னாடி இங்க?"

"ஸ்நேகா மாப்பிள்ளைக்கு இந்த ஊர்லதான் வேல. அண்ணன் இங்கயே வந்து செட்டில் ஆயி ரொம்ப நாளாச்சு."

"ஒரு வார்த்த சொன்னியாடி எங்கிட்ட?"

"எப்பிடிய்யா சொல்லுவேன்? அந்தப் பேர எடுக்கக் கூடாதுன்னு கட்டள போட்டது நீதான?"

எட்வர்ட் வாதத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தார். கோயில் சுவரைப்போலவே அதிலும் ஒரு விரிசல் இல்லை.

"பக்கத்துல போயி நில்லு, வாயத் தொறக்காத, அதுவா வரும்னு இவதான் சொன்னா" என்றார் மோசஸ், பெருமையும் பயமுமாகத் தங்கச்சியைப் பார்த்து. "நான் நம்பல மச்சான்."

எட்வர்டும் அவளைப் பார்த்தார். அரை ஆள் உயரம், பூப்போட்ட புடவை, கையில் காலி புளிச்சோற்றுத் தூக்கு. மறுபடி கோபுரத்தைப் பார்த்தார். இரண்டில் எது பெரிய வேலை என்று ஒரு கணம் மலைத்துப்போனார். ஆனாலும் சபதம் சபதமாயிற்றே. மார்பை நிமிர்த்தினார்.

"நான் ஒன்னும் இந்த ஆளுகிட்ட பேசல. நான் கேட்டது கோபுரத்த!"

"சரிய்யா" என்றாள் விக்டோரியா. "கோபுரத்து ஊட்ல விரால் மீன் கொழம்பு ஆறிக்கினு கீது. நாளைக்கு மதுரைக்கும் கோபுரமே கார் எடுக்குதாம், காசு வாணாமாம். பையத் தூக்கிக்கினு கோபுரத்து பின்னாலயே நட."