நான் பொறுமையாக இருந்த கதை

இந்தக் கதையைப் பல வருஷமாக நான் நம்பவில்லை. கதை என்னைப் பற்றியது. சொல்பவள் என் மனைவி. நாலு உறவுக்காரர்கள் கூடினால் போதும், ஆரம்பித்துவிடுவாள். "இன்டர்வியூ முடிஞ்சு வந்தவர் கல்லு மாதிரி உக்காந்திருந்தார். ஒரு போன் பண்ணல. அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் வேலையே குடுத்தாங்க." எல்லோரும் என்னை மரியாதையோடு பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

உண்மை என்னவென்றால், நான் பொறுமையாக இருக்கவே இல்லை. போன் பண்ணிப் பண்ணி என் காது சிவந்து போயிருந்தது.

என் தொழில் எடை இயந்திரங்களைச் சரிபார்ப்பது. முள் நின்ற பிறகும் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்போம். நின்றது உண்மையிலேயே நின்றதுதானா என்று தெரிய வேண்டாமா? கை அப்படியே பழகிவிட்டது. கதவைப் பூட்டிவிட்டு ஒரு தட்டு. அடுப்பை அணைத்துவிட்டு ஒரு தட்டு. கல்யாணமான புதிதில், மனைவி தூங்கிவிட்டாளா என்று தோளில் ஒரு தட்டுத் தட்டி, அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

ஐம்பதைத் தொட்ட நேரத்தில் பழைய கம்பெனியை மூடிவிட்டார்கள். அடுத்து ஒரு பிஸ்கட் கம்பெனியில் என்னைப் பிடித்துப்போனது. "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். நான் சும்மா இருந்தேனா? காலையில் போனில் ஒரு தட்டு, மாலையில் ஒரு தட்டு. கடைசியில் அங்கிருந்த அதிகாரி மெல்லிய குரலில் சொன்னார்: "சார், உங்களைத்தான் எடுக்கிறதா இருந்தோம். இப்ப எங்களுக்கே பயமா இருக்கு."

அதற்குப் பிறகு மாவு மில் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. இதுவும் போனால், வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மச்சான் வீட்டு மாடிக்குப் போக வேண்டியதுதான். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். தங்கமான மனிதர். ஆனால் பேசுவார். அவர் வீட்டுக்கு ஒரு தடவை போய்வந்தால், என் வாழ்க்கை எங்கெங்கே வழுக்கியது என்று எனக்கே தெரியாத இடங்களையெல்லாம் தெரிந்துகொண்டு திரும்பலாம். அந்த மாடியை நினைத்தாலே எனக்கு வியர்க்கும்.

இன்டர்வியூ முடிந்து வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"சொல்லி அனுப்பறாங்களாம்."

"நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரே ஒரு போன்..."

"பிஸ்கட்டு" என்றாள். அவ்வளவுதான்.

"சரி, பண்ணல."

"சத்தியமா?"

"சத்தியமா."

"போனைக் குடுங்க, நம்பரையாவது ஏத்தி வைக்கிறேன். அவங்க கூப்பிட்டா யாருன்னு தெரிய வேணாமா? உங்களுக்குத்தான் கண்ணாடி போட்டாலும் மூணும் எட்டும் ஒண்ணாத் தெரியுதே."

எவ்வளவு முன்யோசனை என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அதையேதான் நினைக்கிறேன். அர்த்தம்தான் மாறிவிட்டது.

மறுநாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, 'கம்பெனி' என்ற பெயரை அமுக்கினேன். ஒரு பெண் எடுத்தாள். பேரைச் சொன்னேன். எதையோ கிண்ணத்தில் உதிர்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "கொஞ்சம் பொறுங்க சார், முடிவானதும் நாங்களே சொல்லி அனுப்புவோம்" என்றாள். பின்னால் ஏதோ இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இப்படி ஓயாமல் வேலை நடக்கும் ஆபீஸா என்று எனக்கு மதிப்பு கூடியது.

அடுத்த நாளும் தட்டினேன். அதற்கடுத்த நாளும். அந்தப் பெண் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. ஐயா கூட்டத்தில் இருக்கிறார் என்பாள், ஐயா வெளியூர் என்பாள். பேச்சு மெல்ல வளர்ந்தது. வீட்டில் சொல்ல முடியாததை எல்லாம் நான் சொல்ல, அவள் உம் கொட்டினாள். ராத்திரி தூக்கமே இல்லை என்று புலம்பினேன். அன்று மாலையிலிருந்து என் மனைவி காபியை நிறுத்திவிட்டாள். டிவி சத்தம் மண்டையைக் குடைகிறது என்றேன். அன்றே வீட்டில் டிவி முணுமுணுக்க ஆரம்பித்தது. கெட்ட நேரம் முடிந்து நல்ல நேரம் ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

மச்சானைப் பற்றியும் சொன்னேன். "அவர் வாஷர் போன குழாய்ம்மா. எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டிக்கிட்டே இருப்பார்." அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரைப் பற்றி இன்னும் சில உவமைகளை அவிழ்த்துவிட்டேன்.

ஒருநாள் மட்டும் சிரிப்பு வரவில்லை. "வேலை கிடைக்கலன்னா என் வீட்டம்மா முகத்துல எப்படி முழிப்பேன்னு தெரியலம்மா" என்றேன். பின்னால் ஓடிய இயந்திரம் நின்றுவிட்டது. அவள் போனை வைத்துவிட்டாள். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி, யாரும் கேட்காமலே, "அண்ணன் வீட்டு மாடி நல்ல காத்தோட்டம். போனாத்தான் என்ன?" என்றாள். அவளே நம்பிக்கை இழந்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் வேறொரு நம்பரிலிருந்து மில் மேனேஜர் கூப்பிட்டார். வேலை எனக்குத்தான்.

சேர்ந்த அன்றே இடி விழுந்தது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என் தோளில் கைபோட்டார். கடைசியில் மிஞ்சியது இரண்டு பேராம். இன்னொருவர் போன் பண்ணியே உயிரை எடுத்துவிட்டாராம். "இவர்கிட்டேருந்து ஒரு சத்தம் இல்ல. எடை பார்க்கிறவருக்கு இந்த நிதானம்தான் வேணும்" என்றார்.

ஆள் மாறிவிட்டது. பொறுமையாக இருந்தவன் எவனோ. அவன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். போன் எடுத்த பெண்ணுக்குத் தெரியுமே என்று முன்பக்கம் எட்டிப்பார்த்தேன். அங்கே பெரிய மீசையோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அவளைப் பற்றி விசாரிக்கப் பயம். சாட்சி இருக்கக்கூடாது என்று அந்த நம்பரையும் போனிலிருந்து அழித்துவிட்டேன்.

அதிலிருந்து நிம்மதி போயிற்று. மேனேஜர் கூப்பிட்டனுப்பினால், 'உண்மை தெரிந்துவிட்டது' என்றுதான் எழுந்து போவேன். அவர் டீ சாப்பிடக் கூப்பிட்டிருப்பார். நல்லபடியாகத்தான் வேலை பார்த்தேன். ஆனாலும், எங்கோ ஒரு பொறுமைசாலி, இன்னும் யாராவது சொல்லி அனுப்புவார்கள் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும். என் மனைவி அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவன் முகம்தான் வரும்.

இதற்கு நடுவில் மச்சான் ஒருமுறை வந்திருந்தார். வெகுநேரம் பேசிவிட்டு, கிளம்பும்போது, "ரொம்பப் பேசிட்டேன் மாப்ள. நான்தான் வாஷர் போன குழாயாச்சே" என்று சிரித்தார். அட, இவருக்கும் இதே உவமை தோன்றியிருக்கிறதே என்று வியந்தேன். அவ்வளவு புத்தி எனக்கு.

போன வாரம் கால்சட்டை இடுப்பில் ஏற மறுத்தது. மனைவிக்கு முழங்கால் வலி. நானே எடுத்துக்கொண்டு தையலக்கா கடைக்குப் போனேன். பக்கத்துத் தெருதான். எத்தனையோ வருஷப் பழக்கம், ஆனால் அந்த அம்மாள் குரலை நான் கேட்டதே இல்லை. வாய் நிறைய எப்போதும் குண்டூசி இருக்கும், எதற்கும் தலையாட்டல்தான். இப்போது யாரோ மணிக்கட்டில் கட்டும் காந்தப் பட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஊசியெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாய் காலி.

தையல் மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"எப்பக் கிடைக்கும்?" என்றேன். பதில் வருவதற்குள், பழக்கதோஷம், மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

அவள் நிமிராமலே சொன்னாள்: "கொஞ்சம் பொறுங்க சார், முடிஞ்சதும் நாங்களே சொல்லி அனுப்புவோம்."

மிஷின் நின்றது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் அவசரமாக ஓர் ஊசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது முதலில் வந்தது நிம்மதிதான். மில்லுக்கு என் போன் ஒன்றுகூடப் போகவில்லை. பொறுமையாக இருந்தவன் நானேதான். மனைவியும் தையலக்காவும் சேர்ந்து என்னை அப்படி இருக்க வைத்திருக்கிறார்கள். நாற்காலி என்னுடையது. அந்த நிம்மதி தெருமுனை வரைக்கும் இருந்தது. அங்கே வந்ததும், அந்தப் பெண்ணிடம் நான் என்னென்ன பேசினேன் என்பது ஒவ்வொன்றாக ஞாபகம் வர ஆரம்பித்தது.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தையலக்கா பேசினாங்க" என்றேன்.

கை ஒரு கணம் நின்று, மறுபடி மடித்தது. "என்ன சொன்னா?"

"சொல்லி அனுப்புவாங்களாம்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. வரும் வழியெல்லாம் கோபமாகக் கேள்விகள் தயார் செய்திருந்தேன். புருஷனை இப்படி ஏமாற்றலாமா? இத்தனை வருஷம் நான் பட்ட வேதனைக்கு யார் பதில் சொல்வது? எல்லாம் வாசலிலேயே உதிர்ந்துவிட்டன. மிஞ்சியது ஒன்றுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்:

"உங்க அண்ணனுக்கு அந்த வாஷர் மட்டும்தானே தெரியும்?"