திறந்தவெளித் தொட்டில்

எனக்கு மராத்தி தெரியும் என்று நான் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி ஏழு நிமிடத்தோடு அது முடிந்தது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் என் டைரி. அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. பல் தேய்த்த நேரத்தைக்கூட டைரியில் குறித்து வைக்கிற ஆசாமி. (இப்போதும் குறிக்கிறேன். பற்கள்தான் இரண்டு குறைந்திருக்கின்றன.)

அறுபதுகளின் நடுவில் நாங்கள் மாடுங்காவில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் குடியிருந்தோம். நான், என் மனைவி விசாலம், நான்கு வயது மகள் கிரிஜா. அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நல்ல காற்றோட்டமான வீடு ஒன்று காலியானபோது, "கீழேதான் தண்ணி நன்னா வரும்" என்று சொல்லி மறுத்துவிட்டேன். டபுள் டெக்கர் பஸ்ஸில் மாடிக்கு ஏறலாம் என்று குழந்தை கெஞ்சினால், "மேலே எல்லாரும் சிகரெட் பிடிப்பா" என்பேன். ஸ்டேஷன் பாலத்தில் நட்ட நடுவே, முன்னால் போகிறவரின் குதிகாலை மட்டும் பார்த்தபடி நடப்பேன். இத்தனைக்கும் ஒரே காரணம்தான். எனக்கு உயரம் என்றால் பயம். நாற்காலியில் ஏறிக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவே முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

இது விசாலத்துக்குக்கூடத் தெரியாது. கிரிஜாவுக்கோ இதற்கு நேர்மாறான ஒன்று தெரியும். ஒருநாள் சமையலறைக்குள் வந்த பெருச்சாளியை நான் துடைப்பத்தோடு எதிர்கொண்டேன். அது தானாகத்தான் வெளியே போயிற்று. போகும் திசையில் நான் நின்றிருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து என் மகள் கட்டடம் முழுக்க ஒரு செய்தியைப் பரப்பிக்கொண்டிருந்தாள்: "எங்கப்பாவுக்கு எதைக் கண்டாலும் பயம் கிடையாது." ஆபீஸில் என்னை ஒரு பொருட்டாக யாரும் மதித்ததில்லை. உலகத்தில் என்னை வீரன் என்று நம்பிய ஒரே ஜீவன் அவள்தான். அந்த ஒரு பட்டத்தை இழக்க நான் தயாராக இல்லை.

இப்படி இருக்கையில்தான் தாதர் பக்கம் ஒரு மைதானத்தில் விளையாட்டு மேளா போட்டார்கள். குதிரை ராட்டினம், குட்டி ரயில், வளையம் எறிவது என்று எல்லாம் உண்டாம். கட்டடத்துக் குழந்தைகள் எல்லோரும் போய் வந்துவிட்டார்கள். கிரிஜா மட்டும் பாக்கி.

"குழந்தை தினமும் கேக்கறது. ஒருநாள் அழைச்சுண்டு போகப்படாதா?" என்றாள் விசாலம்.

"போறது பெரிசில்லை. முறையாப் போகணும்" என்றேன்.

முறையாக என்றால், முதல் வாரம் தகவல் சேகரிப்பு. இரண்டாம் வாரம் அட்டவணை. ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் மேளாவின் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். முழுக்க மராத்தி. "படித்துச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நான் ஒரு புன்னகையோடு மறுத்தேன். கடைப் பலகைகளைப் பார்த்தே ஆறு மாதத்தில் மராத்தி கற்றவன் நான். புதிய சொற்களுக்கென்று அகரவரிசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வேறு.

பிரசுரத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'ஆகாஷ் பாள்ணா'. பாள்ணா எனக்குத் தெரிந்த சொல். சாதாரணமாக இல்லை, சொந்த அனுபவத்தில் தெரிந்த சொல். கிரிஜா பிறந்தபோது முதல் மாடி குல்கர்ணி அம்மாள் தங்கள் வீட்டு மரத்தொட்டிலைக் கொண்டுவந்து கொடுத்து, "பாள்ணா, பாள்ணா" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். ஆக, பாள்ணா என்றால் தொட்டில். ஆகாஷ் என்றால் ஆகாயம். ஆகாயத்தில் யாராவது தொட்டில் கட்டுவார்களா? ஆகவே, கூரையில்லாமல் ஆகாயத்துக்குக் கீழே கட்டிய தொட்டில். நோட்டில் 'ஆ' பக்கத்தில் எழுதினேன்: 'ஆகாஷ் பாள்ணா – திறந்தவெளித் தொட்டில்.'

அட்டவணை தயாரானது. 2.40 புறப்பாடு. 3.25 மேளா வாசல். 3.30 குட்டி ரயில். 3.50 தண்ணீர். 4.05 முதல் 4.20 வரை திறந்தவெளித் தொட்டில் (குழந்தை ஆடும், நான் ஆட்டுவேன்). 4.30 தயிர் சாதம். 5.00 திரும்புதல்.

"நாலு வயசுப் பொண்ணைத் தொட்டில்ல போடுவாளா?" என்று விசாலம் சந்தேகப்பட்டாள்.

"பெரிய தொட்டிலா இருக்கும். மத்தியானம் தூங்காத குழந்தை, பத்து நிமிஷம் கண்ணசரட்டுமே."

ஊரார் குழந்தைகள் படுத்த தொட்டிலாயிற்றே என்று, பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைப் போர்வையும் ஒரு சின்னத் தலையணையும் எடுத்து வைத்தேன். விசாலம் அந்தத் தலையணையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைத் தயிர் சாதத் தூக்கோடு சேர்த்துக் கூடைக்குள் வைத்தாள்.

மேளாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 3.24. ஒரு நிமிடம் மிச்சம். எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. ஆனால் வாசலிலேயே தலைக்கு மேலே ஒன்று தெரிந்தது. இரும்பில் ஒரு பிரம்மாண்டமான சக்கரம், விளிம்பெல்லாம் பெட்டிகள், பெட்டிக்குள் ஜனங்கள். சுற்றிச் சுற்றி மேலே போய் வந்துகொண்டிருந்தார்கள். நான் சட்டென்று தலையைக் குனிந்து அட்டவணையைப் பிரித்தேன்.

"அப்பா, அதுல போலாமா?" என்றாள் கிரிஜா.

"அது அட்டவணையில இல்லையேம்மா."

"நோக்குத்தான் பயம் கிடையாதே."

"பயத்துக்கில்லை. நேரம் இல்லை" என்றேன்.

குட்டி ரயில் அட்டவணைப்படி ஓடியது. தண்ணீரும் நேரப்படி குடித்தாயிற்று. 4.02க்குத் தொட்டிலைத் தேடிப் புறப்பட்டோம். ஓரிடத்தில் இரண்டு வரிசைகள் நின்றன. இடது பக்கப் பலகையில் ஆங்கிலத்தில் 'ஜயண்ட் வீல்' என்று எழுதியிருந்தது. வலது பக்கப் பலகையில் மராத்தியில் 'ஆகாஷ் பாள்ணா'.

இங்கேதான் என் மராத்தி அறிவு எங்களைக் காப்பாற்றியது என்று நினைத்தேன். "பாத்தியா, மொழி தெரியலேன்னா அந்தப் பக்கம் போய் மாட்டிண்டிருப்போம்" என்று இடது வரிசையைக் காட்டிச் சொன்னேன். விசாலம் தலையாட்டினாள். "நான் கூடையை வச்சுண்டு இங்கேயே நிக்கறேன், நீங்க ஆட்டிட்டு வாங்கோ" என்று போர்வையையும் தலையணையையும் எடுத்துக் கொடுத்தாள். (இரண்டு வரிசையும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன என்பது அவளுக்கு அப்போதே லேசாகத் தோன்றியதாம். "நீங்க அவ்வளவு தெரிஞ்சவர் மாதிரி பேசினேளே" என்று இன்றுவரை சொல்கிறாள்.)

மேகங்கள் வரைந்த படுதாக்களுக்கு நடுவே ஒரு சந்து. அதன் கோடியில், துணிக்கூரைக்குக் கீழே, முன்பக்கம் ஒரு கம்பி போட்ட இரும்புப் பெட்டி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. தொட்டில்தான். சந்தேகமே இல்லை. பெட்டிக்குள் போர்வையை விரித்து, தலையணையைத் தட்டி வைத்தேன். பக்கத்தில் நின்ற பைஜாமாக்காரர் என்னையே பார்த்தார்.

"க்யா ஸாப், பிஸ்தர் லகா ரஹே ஹோ?" படுக்கை போடுகிறீர்களா என்று கேட்கிறார்.

"பச்சி கே லியே" என்றேன். குழந்தைக்காக.

"டீக் ஹை. ஆப் பீ பைட்டோ."

நீங்களும் உட்காருங்கள் என்கிறார். துணைக்கு உட்காரச் சொல்கிறார் போலிருக்கிறது, எவ்வளவு அக்கறை, என்று நினைத்து, கிரிஜாவை ஏற்றிவிட்டு நானும் உட்கார்ந்தேன். அவர் கம்பியை மாட்டினார். மணி பார்த்தேன். 4.07. தொட்டில் ஒருமுறை பின்னுக்கு ஆடியது. பிறகு முன்னுக்கு வரவில்லை. மேலே போயிற்று.

துணிக்கூரை காலுக்குக் கீழே போயிற்று. மைதானம் போயிற்று. என் வலது காலின் செருப்பும் போயிற்று. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அப்பா, ஐயோ, எல்லாரும் எறும்பாட்டம் இருக்கா. அப்பா, சமுத்திரம் தெரியறது பாரேன்."

நான் பார்க்கவில்லை.

"அப்பா, ஏன் கண்ணை மூடிண்டிருக்கே?"

கேள்வி ஒன்று, வழிகள் இரண்டு. பயமாக இருக்கிறது என்று உண்மையைச் சொல்லலாம். சொன்னால் பெருச்சாளி வீரனின் கதை அந்தரத்திலேயே முடிந்துபோகும். வாய் தானாக ஒரு பதிலைச் சொன்னது.

"தூங்கறேம்மா."

"தூக்கம் வரதா? சரி, படுத்துக்கோ" என்றது குழந்தை. தலையணையை எடுத்து என் முதுகுக்கும் பெட்டிக்கும் நடுவே செருகியது. எங்களுக்கு அடியிலிருந்த போர்வையை உருவி என் தலையோடு போர்த்தியது. என் தோளில் தட்டிக்கொடுத்து, விசாலம் பாடுகிற தாலாட்டில் தெரிந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் பாடியது. போர்வைக்குள் நான் உலகத்திலுள்ள எல்லா தெய்வங்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், அகரவரிசை இல்லாமல்.

சக்கரம் கீழே வந்தது. பைஜாமாக்காரரின் குரல் கேட்டது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அதற்குள் கிரிஜா, கட்டடத்துக் குழந்தைகளிடம் கற்ற ஹிந்தியில், "பாபா சோயா ஹை. உடானா நை" என்றாள்.

அப்பா தூங்குகிறார், எழுப்பாதீர்கள். அதற்கு அவர் சிரிக்கும் சத்தம் போர்வையைத் தாண்டி வந்தது. "அச்சா பேபி. தோ ஏக் சக்கர் ஔர்."

இன்னொரு சுற்று. இனாமாக. 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் தூங்குகிறவன் எப்படிச் சொல்வான்? என் பொய் என்னை மறுபடியும் ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிற்று.

இரண்டாவது சுற்றில்தான் கீழே இருந்தவர்கள் கவனித்திருக்கிறார்கள். ஒரு சின்னப் பெண், பக்கத்தில் தலைமுதல் கால்வரை வெள்ளைத் துணி போர்த்திய ஓர் உருவம், அது அசையவில்லை. "அரே, மர் கயா க்யா?" என்று யாரோ கத்தினார். ஆள் போய்விட்டாரா என்று விசாரிக்கிறார்கள். கூட்டம் கூடியது, சக்கரத்தை நிறுத்து என்று கூச்சல் போட்டது. பைஜாமாக்காரர் பதறிப்போய் நிறுத்திவிட்டார். நாங்கள் மிகச் சரியாக உச்சியில் இருந்தோம். அங்கே எவ்வளவு நேரம் நின்றோம் என்று என் டைரியில் குறிப்பு இல்லை. என் வாழ்க்கையில் நேரம் குறிக்கப்படாத ஒரே பகுதி அதுதான்.

கடைசியில் இறக்கிவிட்டார்கள். போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்தபோது கூட்டத்தில் ஒருவர் இரண்டடி பின்வாங்கினார். விசாலம் ஒரு கையில் கூடை, இன்னொரு கையில் என் செருப்போடு நின்றாள்.

"ஏன்னா, இது முன்னாடியே வந்துடுத்து. இன்னொண்ணு கால்ல இருக்கோன்னோ?" என்று என் முகத்தை உற்றுப் பார்த்தாள். தண்ணீர் வருகிற தரைத்தளம், சிகரெட் பிடிக்கிற பஸ் மாடி எல்லாம் அந்த ஒரு பார்வையில் அவளுக்குப் புரிந்துபோனதை நான் பார்த்தேன். ஆனால் குழந்தை பக்கத்தில் இருந்தது. எனவே அவள் கேட்டது இதுதான்: "நன்னாத் தூங்கினேளா? அட்டவணைப்படி இப்போ தயிர் சாதம்."

நான் சாப்பிடவில்லை. தயிர் சாதத்தைப் பார்க்கவும் இல்லை.

மறுநாளே குல்கர்ணி அம்மாள் படியிறங்கி வந்து, ஆகாஷ் பாள்ணா என்றால் அந்தச் சக்கரத்துக்கே பெயர் என்று கண்ணீர் வரச் சிரித்தபடி விளக்கினாள். நோட்டில் திருத்தினேன். ஆனால் கிரிஜாவின் செய்தியைத் திருத்த யாரும் இல்லை. "எங்கப்பா ஆகாசத்திலேயே தூங்குவார்" என்று அது நான்கு மாடிக்கும் போயிற்று. என் பட்டம் பறிபோகவில்லை. பதவி உயர்வு பெற்றுவிட்டது.

அன்றுமுதல் எங்கள் வீட்டில், சங்கடமான விஷயம் வரும்போது யாராவது கண்ணை மூடிக்கொண்டால், "தொட்டில்ல இருக்கார், எழுப்பாதே" என்றுதான் சொல்வார்கள். சம்பந்தி வீட்டார் சீர் பற்றிப் பேச ஆரம்பித்தபோதுகூட விசாலம் என்னைக் காட்டி அதைத்தான் சொன்னாள்.

தன் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் கிரிஜா என் பழைய டைரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை விரல் வைத்து மெல்லப் படித்தாள். 'குழந்தை மகிழ்ந்தாள். நான் சற்றுத் தூங்கினேன்.'

"நெஜமாவே நான் தூங்கிட்டேன்னு நெனச்சியா அன்னிக்கு?" என்று கேட்டேன்.

"தூங்கறவாளுக்குக் கை அப்படி நடுங்குமாப்பா? என் ஃபிராக்கைப் பிடிச்ச பிடியில தையலே விட்டுப்போச்சு."

"பின்னே ஏன் அந்தப் பைஜாமாக்காரன்கிட்ட எழுப்பாதேன்னே?"

"நீ தூங்கறேன்னு சொன்னியே. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அதோட, இன்னொரு சுத்தும் கிடைக்குமேன்னு" என்று சிரித்தாள்.

கல்யாணமாகி அவள் புக்ககம் போன பிறகுதான் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் என் வரிக்குக் கீழே பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள். 'பொய்' என்று எழுத நினைத்து, ஒற்றைக்கொம்புக்குப் பதிலாக இரட்டைக்கொம்பு போட்டு, 'போய்' என்று எழுதியிருந்தாள்.

என் டைரிகளில் நான் திருத்தாமல் விட்டிருக்கும் ஒரே எழுத்துப் பிழை அதுதான்.