கதைக்கு வந்த சிக்கு

பினாங்கில் கலை வளர வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் பொறுப்பை ஏற்றவர்களுள் ஆரோக்கியநாதனும் ஒருவர். ஜார்ஜ்டவுனில் ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடியில் இயங்கும் படக் கம்பெனிக்குப் பதினோரு ஆண்டுகளாகக் கதை ஆசிரியர். வந்த கதையைச் செப்பனிடுவது அவர் பணி என்றது நியமனக் கடிதம். எனக்குத் தெரிந்து, கதையைக் கையிருப்புக்குள் அடக்குவதுதான் பணி.

மழைக் காட்சி வந்தால், "மழை இப்பதான் விட்டுச்சு" என்று யாரையாவது சொல்ல வைப்பார். கூட்டுக் குடும்பம் என்றால் நான்கு பேரைச் சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்பிவிடுவார். தைப்பூசக் கூட்டத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதால், எல்லாக் கதாநாயகிகளும் தண்ணீர்மலை முருகன் கோயிலில்தான் காணாமல் போனார்கள். இவ்வளவு செய்தும் ஒரு படத்தில்கூடத் திரையில் அவர் பெயர் வரவில்லை. நாற்காலி கொடுத்தவருக்கும் ஹீரோவின் மாமாவுக்கும் இடமிருந்தது. அவர் மனைவி மார்த்தா ஒவ்வொரு படம் வெளிவரும்போதும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, கடைசிவரை உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போவார். அதுதான் மனிதரை அறுத்தது.

பன்னிரண்டாவது படத்தில் விடிவு பிறந்தது. அரசாங்க மானியம் வேண்டுமானால் கதை ஆசிரியர் இருந்தே ஆக வேண்டும், அவர் பெயர் திரையில் வந்தே ஆக வேண்டும் என்று விதி. முதலாளி தங்கராஜு மனுவைத் தானே மலாய் மொழியில் நிரப்பினார். கைப்பேசி மொழிபெயர்த்துக் கொடுத்தபடி 'குரு செரித்தா' என்று எழுதினார். அதாவது, கதைப் பாடம் நடத்தும் பள்ளி வாத்தியார்.

கெப்பாலா பத்தாஸில் இருந்த திரைக்கதை மேம்பாட்டுப் பிரிவு அழைத்தது. அதிகாரி நவமணி அம்மையார் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க சிக்கு, உக்காருங்க."

மலாயில் சிக்கு என்றால் வாத்தியார். தமிழில் என்ன பொருள் என்பது நாதனுக்குச் சற்று நேரத்தில் விளங்கியது.

"எந்த ஸ்கூல்ல படிச்சுக் குடுக்கிறீங்க?"

"ஸ்கூல் இல்லேம்மா. நான் கதைக்கு ஆசிரியர்."

"அப்ப பாடம் கதை. மாணவருங்க எத்தனை பேரு?"

"மாணவரே இல்லேம்மா. மொழிபெயர்ப்புல வந்த தப்பு. திருத்திக் குடுத்துர்றேன்."

"திருத்தலாம் சிக்கு. ஆனா இந்த மனுவை மீட்டுக்கிட்டு அடுத்த வருஷம்தான் போடணும். மாணவருங்களைக் காட்டுறது சுலபம்லா."

தங்கராஜுவும் அதையே சொன்னார். "ஒரு மாசம் வாத்தியாரா இருந்துருங்கண்ணே. உங்க பேரு திரையில வரணுமா வேணாமா?"

வர வேண்டும். ஆகவே கேமராமேன், ஒப்பனைக்காரர், லாரி ஓட்டுநர் என்று பத்துப் பேர் மாணவர்களானார்கள். வருகைப் பதிவேடு வந்தது, பரீட்சை வந்தது. மழையை நிறுத்தும் முறையை நாதன் மனதார நடத்தினார். மேலதிகாரிகள் வந்து பார்த்துப் பூரித்து, பத்துப் பேருக்கும் 'தகுதி பெற்ற கதை ஆசிரியர்' என்று சான்றிதழ் வழங்கினார்கள். மானியமும் கிடைத்தது. கூடவே ஒரு கடிதம்: சான்றிதழ் உள்ளவர் பெயர் மட்டுமே கதை ஆசிரியராகத் திரையில் இடம்பெறலாம்.

"எனக்கு?" என்றார் நாதன்.

"நீங்க பரீட்சை எழுதலையே சிக்கு," என்றார் நவமணி.

படம் வெளிவந்தது. மண்டபம் நிரம்பியது. படம் முடிந்ததும் கதை ஆசிரியர்கள் என்று பத்துப் பெயர்கள் ஓடின, லாரி ஓட்டுநர் முதலில். நாதன் பெயர் இல்லை. மார்த்தா அன்றும் நல்ல சேலையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

நாதன் முறையீடு எழுதிக்கொண்டு போனார். நவமணி அதை இரண்டு தடவை படித்தார்.

"உங்க பேரு வரலேன்னு நேர்ல பார்த்த சாட்சி ரெண்டு பேரு கையெழுத்து வேணும். சொந்தக்காரங்க கூடாது."

"படத்தையே போட்டுப் பாருங்களேம்மா."

"படம் பார்க்கிறது எங்க பிரிவு இல்லே சிக்கு."

படத்தைப் பாராட்டாதவர் ஊரில் இல்லை. ஆனால் பெயர்கள் ஓடியபோது, கலைஞர் சங்கத் தலைவர் பார்க்கிங் சம்மனுக்குப் பயந்து காரை நகர்த்தப் போயிருந்தார். செயலாளர் ஹீரோவோடு படம் பிடித்துக்கொண்டிருந்தார். நம் கலைஞர்களுக்கு அங்கீகாரம் வேண்டும் என்று மாதம் தவறாமல் மேடையில் முழங்குகிறவர்கள் வெளியே மீ கோரெங் நூடுல்ஸ் கடையில் இருந்தார்கள். நானூறு பேரில் ஒரு சாட்சி தேறவில்லை.

கடைசியில் நாதன் என் வீட்டுக்கு வந்தார். நான் பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவன். கையில் என் கட்டுரையின் நறுக்கு.

"முதல் காட்சியிலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் ரசிச்சேன்னு எழுதியிருக்கீங்க அண்ணே. நீங்க ஒருத்தராவது கையெழுத்துப் போடுங்க."

நான் இடைவேளையிலேயே கிளம்பிவிட்டிருந்தேன். பொய்ச் சாட்சி சொல்வது என் கொள்கைக்கு விரோதம் என்று விளக்கி, அவருக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன்.