எட்டுத் துணைத் தலைவர்கள்

"ஆறு இல்ல, ஏழு இல்ல, எட்டு இல்ல. அவ்வளவுதான்" என்று எண்ணி முடித்தாள் சிப்போரா. "இன்னும் ரெண்டு பேர் வேணும்."

யூதர்களான எங்கள் ஆட்கள் தலையை நேராக எண்ண மாட்டார்கள், கண்பட்டுவிடும் என்று. அதனால் எண்ணுக்கு எண் ஓர் 'இல்ல' சேர்த்துக்கொள்வோம். கண்ணை அப்படி ஏமாற்றிவிடலாம். பத்தை ஏமாற்ற வழியில்லை.

அகிவா கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று பதினெட்டு. ஒன்றரைக்கு மணி அடித்துவிடும். போன டிசம்பரில் அவன் அப்பா இறந்துபோனார். பெற்றவருக்காகப் பிள்ளை பதினோரு மாதம் தினமும் கதீஷ் என்ற ஜெபத்தைச் சொல்ல வேண்டும். பத்துப் பேர் சேராமல் அதைச் சொல்லக் கூடாது. தெருமுனை ஜெபக்கூடத்துக் கிழவர்களில் பாதிப் பேர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோனார்கள். மீதிப் பாதி அதைவிடத் தூரம் போய்விட்டது. அங்கே இப்போது சனிக்கிழமை மட்டும்தான் கதவு திறக்கிறது. மற்ற நாளெல்லாம் அவனுக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் கதி இல்லை.

வாசலில் ரஃபியின் தலை தெரிந்தது.

"ரஃபி, பத்து நிமிஷம் வாடா."

"எப்படிடா வர்றது? நான் சதுரங்கச் சங்கத் தலைவர். சங்கத்துல ஒரே ஒரு ஆள், அவனும் காத்திட்டிருக்கான்."

"அவனையும் கூட்டிட்டு வா. சரியாப் பத்து ஆயிடும்."

"அவன் வரமாட்டான். ஒன்னு இருபதுக்கு அவன் தேனீ வளர்ப்புச் சங்கத் தலைவராயிடுவான்."

மணி அடித்தது. எட்டுப் பேரும் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

முன்பெல்லாம் மதிய உணவுக்குப் பிறகு பள்ளி முழுவதும் ஒரே கூடத்தில் பிற்பகல் பிரார்த்தனைக்கு நிற்கும். அந்த இருபது நிமிடத்தைச் சங்க நேரமாக்கி, பிரார்த்தனையையும் விரும்பியவர் சேரும் ஒரு சங்கமாக்கிவிடலாம் என்று போன நவம்பரில் மாணவர் மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. அதற்கு முதலில் கை தூக்கியவன் அகிவா. அப்பா இறப்பதற்குச் சரியாக மூன்று வாரம் முன்னால். தலைமையாசிரியர் ரபி பெர்கோவிச் யோசித்து யோசித்து, இந்த செப்டம்பரில்தான் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

அதன் பிறகு நடந்ததற்குக் கல்லூரி ஆலோசகர் திருமதி ஆல்ட்மன் காரணம். "கல்லூரிக்காரங்க மார்க் பாக்கறதில்ல கண்ணுங்களா. தலைமைப் பண்பு பாக்கறாங்க" என்று அவர் வகுப்பு வகுப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். எண்பத்துநாலு பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் ஒரே வாரத்தில் நாற்பத்தொரு சங்கங்கள் முளைத்தன. ஊறுகாய்ச் சங்கம், வானிலைச் சங்கம், சங்கங்களுக்கு வழிகாட்டும் சங்கம். எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார் என்று கேட்க ஓர் ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் அகிவாவின் அம்மா தட்டில் நூடுல்ஸ் வைத்துக்கொண்டே கேட்டாள்: "இன்னிக்குச் சொன்னியா?"

தினமும் அந்த ஒரு கேள்விதான்.

"சொன்னேம்மா" என்றான். அது பொய்.

மறுநாள் அவன் நண்பன் டோவ் ஒரு யோசனை சொன்னான். "பிரார்த்தனைக்கு வாடான்னா எவனும் வரமாட்டான். பதவி தர்றேன்னு கூப்பிடு. நீ தலைவர். வர்றவன் எல்லாம் துணைத் தலைவர்."

"எத்தனை துணைத் தலைவர்டா?"

"எத்தனை பேர் வேணுமோ அத்தனை."

அப்படியே ஆயிற்று. நாற்காலித் துணைத் தலைவர், புத்தக விநியோகத் துணைத் தலைவர், சன்னல் திறப்புத் துணைத் தலைவர் என்று எட்டுப் பேர் சேர்ந்தார்கள். டோவுக்குச் சன்னல் கிடைத்தது. சதுரங்கத்தை விட்டுவிட்டு ரஃபியே முதுநிலைத் துணைத் தலைவராக வந்து உட்கார்ந்தான். பதவி வேண்டாம் என்றவள் சிப்போரா ஒருத்திதான். ஆகஸ்டில் புதிதாக வந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பெண். ஊருக்கே புதிது, சித்தி வீட்டிலிருந்து வருகிறாள். எங்கள் பள்ளியில் பத்துக்குப் பெண்களும் சேர்த்தி.

"புத்தக அலமாரித் துணைத் தலைவர் காலியா இருக்கு" என்று அகிவா ஆசை காட்டிப் பார்த்தான்.

"வேணாம். நான் சும்மா எண்றேன்."

ஒரு வாரம் ஒழுங்காகப் போயிற்று. தினமும் அவள் 'பத்து இல்ல' வரை எண்ணினாள். தினமும் கதீஷ். வீட்டில் அம்மாவிடம் உண்மையைச் சொல்ல முடிந்தது.

இரண்டாவது வாரம் ரஃபி கையில் ஒரு கோப்போடு வந்தான்.

"நிர்வாகிகள்னு இருந்தா நிர்வாகக் கூட்டம்னு ஒண்ணு இருக்கணும். போன கூட்டத்து நடவடிக்கைக் குறிப்பைப் படிச்சு ஏத்துக்கணும்."

"போன கூட்டம்னு ஒண்ணு நடக்கவே இல்லையேடா."

"அதைத்தான் குறிப்புல எழுதியிருக்கேன்."

குறிப்பைப் படிக்க ஐந்து நிமிடம் ஆனது, திருத்த ஏழு நிமிடம். சன்னலைப் பாதி திறப்பது துணைத் தலைவரின் அதிகாரத்தில் வருமா என்ற விவாதம் முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. பத்துப் பேரும் இருந்தார்கள். பிரார்த்தனைதான் நடக்கவில்லை.

"சொன்னியா?" என்றாள் அம்மா அன்று.

"சொன்னேம்மா."

அடுத்த நாள் அகிவா எழுந்து, இனிமேல் பிரார்த்தனை முதலில், கூட்டம் பிறகு என்று அறிவித்தான்.

"நீயா எப்படி அறிவிக்கலாம்? ஓட்டுக்கு விடு" என்றான் ரஃபி.

ஓட்டெடுத்தார்கள். ஐந்துக்கு ஐந்து வந்தது. எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் பிரிந்துபோகத்தான் தெரியும். ரஃபி தன் நால்வரோடு எதிர் அறைக்குப் போய், கதவில் 'அசல் பிற்பகல் பிரார்த்தனைச் சங்கம்' என்று எழுதி ஒட்டினான். இந்த அறையில் ஐந்து பேர் நின்றார்கள், அந்த அறையில் ஐந்து பேர். நடுவில் ஆறடி நடைபாதை. இரண்டு பக்கமும் கதீஷ் கிடையாது.

சிப்போரா நடைபாதையைத் தாண்டிப் போய் அவர்கள் வாசலில் நின்றாள். "உங்ககிட்ட அஞ்சு. எங்ககிட்ட அஞ்சு. கூட்டத் தெரியுமா உங்களுக்கு?"

"கணக்குச் சங்கத்துக்கும் நான்தான் தலைவர்" என்றான் ரஃபி.

இப்படியே நான்கு நாள் ஓடியது. நான்கு நாளும் அகிவா அம்மாவிடம் பொய் சொன்னான். ஐந்தாம் நாள் காலையில், அப்பாவின் பழைய காரில், பள்ளிக்குள் போகாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அப்பா கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். சாப்பிட உட்காரும்போது ஜெபக்கூடத்திலிருந்து ஃபோன் வரும், ஒன்பது பேர்தான் இருக்கோம் என்று. பாதி சூப்பில் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். 'யாரோட அப்பா செத்தார்னுகூடத் தெரியாது, நீ ஏம்பா ஓடுறே?' என்று அகிவா ஒருமுறை கேட்டான். 'அது தெரிஞ்சுதான் போகணுமாடா?' என்றார். அப்படி எத்தனை பேருக்காகவோ ஓடிய மனிதருக்கு இன்று பத்துப் பேர் கிடைக்கவில்லை. காருக்குள் அகிவா வாய்விட்டு அழுதான். யாரும் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே ரஃபியிடம் போனான்.

"திரும்பி வா. தலைவர் பதவியை நீயே எடுத்துக்க."

ரஃபி ஒரு கணம் தடுமாறினான். "எனக்கு முழுசா வேணாம். இணைத் தலைவர்னு போட்டாப் போதும்."

செய்தி அடுத்த வகுப்புக்குள் பரவிவிட்டது. ரஃபி இணைத் தலைவரென்றால் நான் என்ன இளைத்தவனா என்று எல்லாரும் கேட்டார்கள். மதியத்துக்குள் சங்கத்தில் ஒன்பது இணைத் தலைவர்கள். திருமதி ஆல்ட்மன் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிப்போராவைத் தேடி வந்தார்.

"ஒன்பது தலைவருக்கு நீ ஒரே உறுப்பினரா? இந்த ஸ்கூல்ல வெறும் உறுப்பினர்னு இருக்கறது நீ ஒருத்திதான் கண்ணு. உனக்கும் ஏதாவது போட்டுக்கவேன்."

"வேணாம் மிஸ்."

டோவுக்கு இது உறுத்தியது. சன்னலைத் திறக்கும் சாக்கில் அகிவாவை ஓரம்கட்டினான்.

"இந்தப் பொண்ணு சாதாரணப் பொண்ணு இல்லடா. தினமும் முதல் ஆளா வந்து நிக்குது. சித்தி பண்ணின ருகலா பிஸ்கட்டக் கொண்டுவந்து எல்லாருக்கும் ஊட்டாத குறையாக் குடுக்குது. என்ன அர்த்தம்?"

"பசிக்கும்னு தர்றா."

"ஓட்டுப் பொறுக்குறாடா. நேத்து என்கிட்ட வந்து, அகிவாவுக்கு எந்தத் தேதியோட முடியுதுன்னு கேட்டா. உன் நாற்காலிமேல கண்ணு."

அகிவா சிரித்துவிட்டுப் போனான். ஆனால் அடுத்த நாள் அவள் அவனிடமே வந்து கேட்டாள்.

"நவம்பர் ஆறோட உனக்குப் பதினோரு மாசம் முடியுதாமே?"

"ஆமா. ஏன்?"

"அதுக்கப்புறம் இந்தச் சங்கம் என்ன ஆகும்?"

அகிவாவுக்குச் சுருக்கென்றது. இன்னும் அவன் துக்கமே முடியவில்லை, அதற்குள் அவன் இடத்துக்குத் துண்டு போடுகிறாளே என்று தோன்றியது. "அப்போ பாத்துக்கலாம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நடந்தான். அன்றிலிருந்து அவள் தந்த ருகலாவை அவன் தொடவில்லை.

நவம்பர் ஆறு, வெள்ளிக்கிழமை. கடைசி நாள். அகிவா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்று ஐந்துக்கே வந்துவிட்டான். ஒன்று பத்துக்கு அறையில் அவனும் சிப்போராவும் மட்டும் இருந்தார்கள்.

"ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல" என்றாள் அவள்.

டோவ் மூச்சிரைக்க எட்டிப் பார்த்தான். "ஆண்டு மலருக்கு ஃபோட்டோ எடுக்கறாங்கடா. சங்கத் தலைவர்கள் எல்லாரையும் முன்வாசல் படிக்கட்டுக்கு வரச் சொல்லிட்டாங்க. நாம எல்லாருமே தலைவருங்கதானே? நீயும் வா. படத்துல இல்லன்னா பட்டியல்ல இல்லையாம்."

"போகாதடா, டோவ்."

"அஞ்சே நிமிஷம்" என்று டோவ் ஓடிவிட்டான்.

அகிவா நாற்காலியில் உட்கார்ந்தான். பதினோரு மாதமாக ஓடி ஓடிக் கடைசி நாளைக் கோட்டைவிட்டாயிற்று. இன்றைக்கு வீட்டில் அம்மா கேட்பாள். இந்த ஒரு நாள் மட்டும் அவளிடம் பொய் சொல்ல முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது.

தலையை நிமிர்த்தியபோது சிப்போராவும் இல்லை. ஃபோட்டோவுக்குத்தான் போயிருப்பாள், போகட்டும் என்று நினைத்தான்.

அவள் படிக்கட்டில் இறங்கி, புகைப்படக்காரர் முன்னால் போய் நின்றது பிறகுதான் அவனுக்குத் தெரியவந்தது. "சார், வெயில் நேரா கண்ணுல அடிக்குது. ஒருத்தரும் கண்ணைத் திறக்கல பாருங்க. மேல பெரிய சன்னல் வச்ச ஒரு ரூம் இருக்கு. அங்க எடுத்தா எல்லார் மூஞ்சியும் விழும்" என்றாளாம். அந்த மனிதருக்கும் அது நியாயமாகப் பட்டுவிட்டது.

நாற்பத்தொரு சங்கங்களின் தலைவர்கள், துணைத் தலைவர்கள், இணைத் தலைவர்கள் என்று மொத்தம் அறுபது பேருக்கு மேல் திமுதிமுவென்று அறைக்குள் நுழைந்தார்கள். முன் வரிசைக்கு இடித்துக்கொண்டார்கள். ஊறுகாய்ச் சங்கத் தலைவி ஒரு ஜாடியோடு வந்திருந்தாள்.

சிப்போரா கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

"முதல்ல பிரார்த்தனை. அப்புறம் ஃபோட்டோ. யாருக்காவது ஓட்டெடுக்கணுமா?"

ரஃபி வாயைத் திறந்தான். அகிவாவின் முகத்தைப் பார்த்தான். கையிலிருந்த கோப்பை மெல்லக் கீழே வைத்துவிட்டு ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டான்.

அகிவா கடைசிக் கதீஷைச் சொன்னான். மூன்றாவது வரியில் குரல் உடைந்தது. அறுபது பேர் ஒரே மூச்சில் 'ஆமென்' என்றபோது சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த ஜெபத்தில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது, கடவுளைப் புகழ்வதோடு சரி. ஆனாலும் சொல்லி முடித்ததும் அப்பா இன்னொரு தடவை போய்விட்டதுபோல் இருந்தது அவனுக்கு. நாளையிலிருந்து அப்பாவுக்காகச் செய்ய அவன் கையில் எந்த வேலையும் இல்லை.

ஃபோட்டோ எடுத்து முடித்ததும் அகிவா ஒரு நாற்காலிமேல் ஏறினான்.

"எல்லாருக்கும் நன்றி. இன்னியோட என்னோட பதினோரு மாசம் முடிஞ்சுது. சங்கத்தைக் கலைச்சிடறேன். திங்கக்கிழமையிலேர்ந்து அவங்கவங்க சங்கத்துக்குப் போகலாம்."

"கல்லூரி விண்ணப்பத்துல முன்னாள் இணைத் தலைவர்னு போட்டுக்கலாமா?" என்று கேட்டான் ரஃபி. கேட்டுவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, அகிவாவின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனான்.

அறை காலியானது. சிப்போரா மட்டும் இறைந்து கிடந்த புத்தகங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் வெடுக்கென்று பேசியதெல்லாம் நினைவுக்கு வந்து அகிவா கூசிப்போனான். பதவி ஆசைதான் என்றாலும் இன்றைக்கு இவள் இல்லாவிட்டால் கதை கந்தல்தான்.

"சரி, கலைக்கல. நீயே எடுத்துக்க" என்றான். "நீ ஆரம்பத்துலேர்ந்து எதுக்காகச் சுத்தி வர்றேன்னு எனக்குத் தெரியும். தலைவர் பதவி இனிமே உன்னோடது."

சிப்போரா கையிலிருந்த புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னாள்: "பதவியெல்லாம் வேணாம் அகிவா, திங்கக்கிழமை நீ வந்தாப் போதும். இத்தனை நாளும் உன் குரலுக்கு அடியில நானும் கதீஷ் சொல்லிட்டிருந்தேன். எங்கம்மாவுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு."